ஒன்பதும் தொண்ணூறும்

கோடைக்கானல் ஏரிக்கு இறங்கும் சாலையோரத்தில், பேரிக்காய்ப் பருவம் வந்துவிட்டால் மலையூர்ப் பெண்கள் கூடை வைத்துக் கடை பரப்பிவிடுவர். சென்ற ஆண்டு அப்பருவத்தில் நம் மகள் வீட்டில் பத்து நாட்கள் தங்கியிருந்தோம். ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டுப் பேரனைக் கைபிடித்து உலாவச் சென்றபோது, ஒரு மூதாட்டியின் கூடை முன் நின்றோம். பழங்களைப் பொறுக்கிப் பையில் இட்ட பின் விலை என்னவென்று பேரன் கேட்டான். "தொண்ணூறு ரூபாய், தம்பி" என்றார் மூதாட்டி.

பேரனுக்குப் பத்து வயது. ஆங்கிலவழிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. கணக்குப் பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்குபவன். அவன் விழித்தான். நம் பக்கம் திரும்பி, "நன்னா, தொண்ணூறு என்றால் நைன்ட்டியா, நைன் ஹன்ட்ரடா?" என்று கேட்டான்.

மூதாட்டி சிரித்துவிட்டார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது ஆண்டுகளாக அரபும் தமிழும் கற்பித்து வரும் நம் வீட்டுப் பிள்ளைக்கா இந்த நிலை என்று நெஞ்சு சுருங்கியது. "இது கூடவா தெரியவில்லை?" என்று நாலு பேர் கேட்கக் கடிந்துகொண்டோம். பிள்ளையின் முகம் வாடிப்போயிற்று.

அதே கூடையருகில் ஒரு வெளிநாட்டுக் குடும்பமும் நின்றிருந்தது. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் பணிபுரியும் ருஷ்யர்கள் என்பது பின்னர் பேச்சில் தெரிந்தது. தாய் ஒவ்வொரு பழமாக எடுத்துப் பையில் இட, நாலைந்து வயதுச் சிறுமி ஒருத்தி உரக்க எண்ணிக்கொண்டிருந்தாள்: "அதீன், த்வா, த்ரீ, செதீரி, ப்யாத், ஷேஸ்த், ஸெம், வோஸெம், தேவ்யத், தேஸ்யத்." பத்து வந்ததும் கைதட்டிச் சிரித்தாள். நம் பேரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். நாமும் பார்த்தோம். அந்த எண்ணுப் பெயர்கள் நம் செவிக்குப் புதியன அல்ல. நாற்பது ஆண்டுகளுக்கு முன் நாம் நெட்டுருப் போட்டவை அவை!

மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்த காலத்தில், சோவியத் நாட்டிலிருந்து மலிவு விலையில் வந்துகொண்டிருந்த நூல்களில் நமக்குப் பெரும் பித்து உண்டு. அவ்வாறு பழைய புத்தகக் கடையொன்றில் ருஷ்ய மொழிப் பாடநூல் ஒன்று கிடைத்தது. தலையணைக்கடியில் ஒளித்து வைத்திருந்ததை ஒரு நாள் நம் உஸ்தாது கண்டுவிட்டார். நஹ்வு இலக்கணத்தில் கரை கண்டவர். கோபத்துக்கும் பெயர் பெற்றவர். பிரம்பு வரும் என்று நடுங்கி நின்றோம். அவரோ நூலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவர்கள் எப்படி எண்ணுகிறார்கள்? சொல், கேட்போம்" என்றார். பத்து வரை சொன்னோம். மறுபடியும் சொல்லச் சொன்னார். பின்னர், "இது பார்ஸியின் ஒன்றுவிட்ட தம்பியல்லவா!" என்றார். அன்று அவர் திறந்துவைத்த வாசல் இன்றுவரை மூடவில்லை.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. ருஷ்ய மொழி, போலந்து மொழி, பல்கேரிய மொழி, செர்பிய மொழி முதலியன ஸ்லாவியக் குடும்பம் எனப்படும். அக்குடும்பம் பார்ஸி, சமஸ்கிருதம், இலத்தீன் ஆகியவற்றோடு ஒரே பெருங்குடியிற் பிறந்தது. உருதுவில் நாம் 'சார்' என்பதைப் பார்ஸியர் 'சஹார்' என்பர். ருஷ்யர் 'செதீரி' என்பர். நம் 'பாஞ்ச்' அவர்க்குப் 'ப்யாத்'. 'ஸாத்' என்பது 'ஸெம்'. 'தஸ்' என்பது 'தேஸ்யத்'. 1786ஆம் ஆண்டு கல்கத்தாவில் சர் வில்லியம் ஜோன்ஸ் சமஸ்கிருதத்துக்கும் கிரேக்க இலத்தீன் மொழிகளுக்கும் உள்ள உறவை எடுத்துரைத்த பின்னர், இவ்வுறவை மெய்ப்பித்த சான்றுகளில் எண்ணுப் பெயர்கள் முதல் வரிசையில் நின்றன.

ஆனால் இந்த அழகிய வரிசையில் ஒரு பிள்ளை மட்டும் பிழையாய் நிற்கிறது. அதுவே ஒன்பது. சமஸ்கிருதத்தில் 'நவ', பார்ஸியில் 'நோஹ்', உருதுவில் 'நௌ', இலத்தீனில் 'நோவெம்', ஆங்கிலத்தில் 'நைன்'. எல்லாம் நகரத்தில் தொடங்க, ருஷ்யத்தில் மட்டும் 'தேவ்யத்' என்று தகரம் வந்ததேன்? போலந்து, பல்கேரிய, செர்பிய மொழிகளிலும் இவ்வாறே. அவற்றின் அண்டை உறவான லித்துவேனிய மொழியிலும் 'தெவ்யினி' என்பதே வழக்கு. நகரம் எங்கே போயிற்று?

மொழிநூலார் கூறும் விடை எளியது. எண்ணிப் பார்க்குந்தோறும் இனியது. எண்ணுப் பெயர்கள் ஏனைய சொற்களைப் போலத் தனித்தனியே வாழ்பவை அல்ல. ஒன்றன்பின் ஒன்றாக ஓதப்படுபவை. ஒன்பது என்று சொல்லும்போதே நாவு பத்துக்கு ஆயத்தமாகிவிடுகிறது. பத்தாகிய 'தேஸ்யத்'தின் தகரம் ஒரு படி முன்னே பாய்ந்து ஒன்பதைப் பற்றிக்கொண்டது. ஆங்கிலத்தில் நான்கு 'ஃபோர்' என்றானதும் அதன் பக்கத்தில் நிற்கும் 'ஃபைவ்'வின் இழுப்பினாலேதான். இதிலிருந்து நாம் அறிவதென்ன? ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு முன் அம்மக்கள் ஆட்டையும் மாட்டையும் வாய்விட்டு, வரிசையாக, விரைவாக எண்ணினார்கள். அந்தக் குரலின் தடம் ஓர் எழுத்தில் பதிந்து இன்றும் நிற்கிறது. எழுதி வைத்தவர் எவருமில்லை; எண்ணிய வாய்களே எழுதுகோல்.

இனி ஐந்துக்கு வருவோம். ருஷ்யத்தின் 'ப்யாத்' முற்காலத்தில் 'ஐந்து' என்னும் அடையாக இல்லாமல், 'ஐந்தின் தொகுதி' என்னும் பெயர்ச்சொல்லாக இருந்தது. அதற்கு நேர் உடன்பிறப்பு சமஸ்கிருதத்தின் 'பங்க்தி'. பங்க்தி என்றால் முதலில் ஐந்தின் கூட்டம், பிறகு வரிசை. அச்சொல்தான் தமிழில் 'பந்தி' ஆயிற்று. நம் வீட்டு நிக்காஹ் விருந்தில் "அடுத்த பந்திக்கு ஆள் வரட்டும்" என்று குரல் கொடுக்கிறோமே, அந்தப் பந்தியும் மாஸ்கோவில் ஐந்து ரொட்டி கேட்பவரின் 'ப்யாத்'தும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்!

அது பெயர்ச்சொல்லாக இருந்த காரணத்தால் ருஷ்ய இலக்கணத்தில் ஒரு விசித்திரம் உண்டு. ஐந்து நூல்கள் என்று அவர்கள் சொல்வதில்லை. 'நூல்களின் ஐந்து' என்கிற பாங்கிலே சொல்கின்றனர். இதைக் கேட்டபோது நம் உஸ்தாது பாயிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். மத்ரஸா வாசலை மிதித்த எவரும் மறக்க முடியாத பாடமல்லவா அது! அரபியில் மூன்று முதல் பத்து வரை எண்ணப்படும் பொருள் பன்மையாகி, வேற்றுமை கொண்டு எண்ணோடு இணைகிறது. 'கம்ஸத்து குதுபின்' என்றால் சொல்லுக்குச் சொல் 'நூல்களின் ஐந்து' என்பதே. இரண்டுக்கு அரபியில் இருமை எண் தனியே உண்டு. 'கிதாபானி' என்றாலே இரு நூல்கள். பழைய ஸ்லாவிய மொழியிலும் இருமை இருந்தது. ஸ்லோவேனிய மொழியில் இன்றும் இருக்கிறது. ருஷ்யத்தில் அது மறைந்தாலும், இரண்டு மூன்று நான்கு என்னும் எண்களுக்குப் பின் மட்டும் பெயர்கள் வேறு விதமாகத் திரிந்து, அந்தப் பழைய இருமையின் நிழலைக் காட்டுகின்றன. அரபிக்கும் ருஷ்யத்துக்கும் குருதி உறவு ஏதுமில்லை. ஆயினும் மனிதன் எண்ணத் தொடங்கிய இடத்தில் ஒரே வகை வியப்பு இருவரையும் பற்றியிருக்கிறது: ஒன்றும் இரண்டும் கண்ணுக்குத் தெரிபவை; அதற்கு மேற்பட்டது குவியல்!

அடுத்து நாற்பது. போலந்தினரும் பல்கேரியரும் 'நான்கு பத்து' என்ற பொருள்பட முறையாகச் சொல்ல, ருஷ்யர் மட்டும் 'சோரக்' என்கின்றனர். நான்குக்கும் பத்துக்கும் அதில் இடமே இல்லை. பண்டைய ருஷ்யாவின் பெருஞ்செல்வம் காட்டு விலங்குகளின் மென்மயிர்த் தோல். அத்தோல்களை நாற்பது நாற்பதாக ஒரு பையிலிட்டு விற்றனர். அக்கட்டின் பெயரே எண்ணின் பெயராக நிலைத்தது என்பது பல அறிஞர் ஏற்கும் விளக்கம். சந்தைச் சொல் அரண்மனைக் கணக்கிலும் ஏறிவிட்டது. நம் சந்தை மட்டும் சளைத்ததா? வெற்றிலைக்குக் கவுளி, வாழைக்குச் சீப்பும் தாரும். நெல் அளப்போர் முதல் மரக்காலை 'ஒன்று' என்னாமல் 'லாபம்' என்று தொடங்கி, அடுத்ததை 'இரண்டு' என்பர். நம் பாட்டனார் 'பிஸ்மில்லாஹ்' என்று முதல் படியை அளந்து கொட்டிய ஓசை இன்னும் காதில் நிற்கிறது.

நிற்க. பேரனைக் கடிந்துகொண்ட அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை. வெளியே மஞ்சு இறங்கி மரங்களை மூடியிருந்தது. பிள்ளையின் கேள்வியை மெல்ல மனத்தில் புரட்டிப் பார்த்தோம். தொண்ணூறு என்றால் தொண்ணூறா, தொள்ளாயிரமா? எழுபதில் பது உண்டு. எண்பதில் பது உண்டு. அடுத்து வரவேண்டியதில் 'பது' இல்லை; நூறு இருக்கிறது! எண்ணூறில் நூறு உண்டு. அதற்கடுத்ததில் நூறு இல்லை. தொள்ளாயிரம் என்று ஆயிரம் இருக்கிறது! அறுபது, அறுநூறு; எழுபது, எழுநூறு; எண்பது, எண்ணூறு என்று அறிவுள்ள பிள்ளை ஒழுங்காகப் படியேறி வந்தால், தொண்ணூறு என்ற சொல் கேட்டதும் 'ஒன்பது நூறு' என்றுதானே எண்ணும்? பிள்ளை அறியாமையால் கேட்கவில்லை, அறிவினால் கேட்டான். அறியாமல் கடிந்தவர் நாமே.

இந்தப் புதிரைத் தமிழிலக்கணம் கவனிக்காமல் விடவில்லை. தொல்காப்பியர் குற்றியலுகரப் புணரியலில் ஒன்பது பத்தோடு சேர்ந்து தொண்ணூறாகவும், நூறோடு சேர்ந்து தொள்ளாயிரமாகவும் திரியும் முறையை எழுத்தெழுத்தாகச் சொல்லிச் செல்கிறார். பின்வந்த நன்னூலாரும் அவ்வாறே விதித்தார். ஆனால் தகரம் எங்கிருந்து வந்தது? ஒன்பதுக்குத் 'தொண்டு' என்று ஒரு பழம்பெயர் இருந்தது. தொல்காப்பியச் செய்யுளியலிலும் பரிபாடலிலும் அப்பெயர் ஆளப்பட்டிருக்கிறது. தெலுங்கர் இன்றும் ஒன்பதைத் 'தொம்மிதி' என்கின்றனர், தொண்ணூறு அவர்க்குத் 'தொம்பை', தொள்ளாயிரம் 'தொம்மன்னூறு'. அவர்களிடம் படிகள் ஒழுங்காக உள்ளன. தமிழிலும் மலையாளத்திலுமே படி தாவியிருக்கிறது. தொண்டு என்னும் பெயர் வழக்கொழிந்தபோது, தொண்ணூற்றுக்குரிய பெயர் ஒன்பதுக்கும், தொள்ளாயிரத்துக்குரிய பெயர் தொண்ணூறுக்குமாக ஒவ்வொன்றும் ஒரு படி கீழே இறங்கிவிட்டது என்பது மொழிஞாயிறு தேவநேயப் பாவாணரின் கொள்கை. 'தொள்' என்பதற்குக் குறைபாடு என்று பொருள் கொண்டு, 'குறைபட்ட நூறே தொண்ணூறு, குறைபட்ட ஆயிரமே தொள்ளாயிரம்' என்பாரும் உளர்.

வியப்பு இதோடு நிற்கவில்லை. ருஷ்யத்தில் தொண்ணூறுக்குப் பெயர் 'தெவ்யனோஸ்த'. அவர்கள் மொழியில் நூறுக்குப் பெயர் 'ஸ்தோ'. ஆம், அவர்களுடைய தொண்ணூறுக்குள்ளும் நூறு ஒளிந்திருக்கிறது! போலந்தினரும் பல்கேரியரும் 'ஒன்பது பத்து' என்று நேர்வழி செல்ல, ருஷ்யரும் நாமும் மட்டும் தொண்ணூறில் நின்றுகொண்டு நூறை எட்டிப் பார்க்கிறோம். அது எவ்வாறு அமைந்தது என்பதில் அந்நாட்டு அறிஞரும் ஒருமனப்படவில்லை. நூறை நோக்கிய ஒன்பது பத்து என்று விளக்குவோர் உளர். ஏரிக்கரையில் கைதட்டிய அச்சிறுமியும் இன்னும் சில ஆண்டுகளில் தன் தாயிடம் நம் பேரனின் கேள்வியையே கேட்பாள்.

எட்டிப் பார்த்துக் குறை சொல்லி எண்ணுவது ஒன்பதின் இயல்பு போலும். தமிழின் 'ஒன்பது' என்ற சொல்லே 'பத்துக்கு ஒன்று குறை' என்ற கருத்தில் பிறந்தது என்பர். உருதுவில் பத்தொன்பதை 'உன்னீஸ்' என்கிறோம். இருபதுக்கு ஒன்று குறை என்பதே அதன் பொருள். இருபத்தொன்பது 'உன்தீஸ்', முப்பதுக்கு ஒன்று குறை. இலத்தீனிலும் பத்தொன்பது அப்படியே. அல்லாஹ்வின் அழகிய திருநாமங்களைப் பற்றிய நபிமொழியில் பெருமானார் (ஸல்) அவர்கள் தொண்ணூற்றொன்பது என்று அருளியதோடு, நூறுக்கு ஒன்று குறைவு என்றும் சேர்த்தருளியிருப்பதை நம்மில் அறியாதார் இலர். நிறைவுக்குப் பக்கத்தில் நிற்பவனுக்கு நிறைவு தெரிகிறது. தான் நிற்கும் இடத்தை அந்நிறைவைக் கொண்டே சொல்கிறான்.

இவ்வாராய்ச்சிக்கும் இந்த மலையூருக்கும் தொடர்பு ஒன்று உண்டு. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்டு, 1875இல் விரித்துப் பதிப்பித்த பேராயர் ராபர்ட் கால்டுவெல் தம் இறுதி நாட்களைக் கழித்தது கோடைக்கானலிலேதான். 1891ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் இங்கேயே உயிர் நீத்தார். உடல் இடையன்குடிக்குக் கொண்டு செல்லப்பட்டு, அவர் எழுப்பிய தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவருடைய ஒப்பிலக்கணத்தில் எண்ணுப் பெயர்களுக்கென்றே தனிப் பகுதி உண்டு. ஒன்று முதல் பத்து வரை ஒவ்வொன்றாக எடுத்து, தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு முதலிய மொழிகளில் வைத்து நிறுத்துப் பார்த்தார். சமஸ்கிருதத்திலிருந்து எத்தனையோ சொற்களை இம்மொழிகள் ஏற்றிருந்தும், ஒன்று முதல் நூறு வரை எண்ணும் பெயர்கள் தம்முடையனவாகவே இருப்பதைக் காட்டினார். தென்மொழிகள் தனிக்குடும்பம் என்பதற்கு அது ஒரு பெருந்தூண். ஆயிரம் மட்டும் 'ஸஹஸ்ர' என்னும் வடசொல்லின் வழி வந்தது என்பது அவர் கருத்து. கன்னடத்தின் 'சாவிர' அவ்வழியைக் காட்டுவதாகப் பின்வந்தோரும் கூறுவர். எண்ணுப் பெயரை எந்த வீடும் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. கொடுத்தாலும் உச்சியிலிருந்தே கொடுக்கிறது.

அன்றிரவு நம்மை உறங்கவிடாத செய்தியும் அதே ஆராய்ச்சியைச் சேர்ந்ததுதான். பலூசிஸ்தானத்தில், கலாத் நகரைச் சுற்றி, பிராகூயி என்னும் மொழி பேசும் முஸ்லிம் மக்கள் வாழ்கின்றனர். நாலா பக்கமும் பலூச்சியும் பார்ஸியும் பேசப்பட, நடுவில் நம் தமிழுக்கு உறவான அம்மொழி இன்றும் உயிரோடிருக்கிறது. அவர்கள் எண்ணுவதைக் கேளுங்கள்: 'அஸிட், இரட், முஸிட்'. இரண்டிலும் மூன்றிலும் நம் வீட்டு ஓசை கேட்கிறதல்லவா? அதற்கடுத்த எண் 'சார்'. அதற்கடுத்தது 'பஞ்ச்'. மூன்றோடு அவர்களுடைய சொந்த எண்ணிக்கை நின்றுவிட்டது. நான்கு முதல் அண்டை வீட்டாருடையது. வடக்கே ஜார்க்கண்டு, சத்தீஸ்கர் பகுதிகளில் குருக் மொழி பேசுவோரிடம் அந்தக் கோடு நான்குக்குப் பின் விழுந்திருக்கிறது. ஐந்து முதல் வடமொழிக் குடும்பத்து எண்கள்.

ஒரு நாளில் அப்படி ஆகியிருக்குமா? சந்தையில் பெரிய எண்கள் முதலில் மாறியிருக்கும். நூறும் ஆயிரமும் போயிருக்கும், பிறகு ஐம்பது, பிறகு இருபது, பிறகு பத்து. வீட்டில் பிள்ளையைக் கொஞ்சும்போதும் ரொட்டி பங்கிடும்போதும் வரும் ஒன்றும் இரண்டும் மூன்றும் மட்டும் அடுப்படியில் ஒதுங்கித் தப்பியிருக்கும். பிராகூயி மக்கள் செய்த குற்றம் எதுவுமில்லை. அவர்கள் மொழியும் மடிந்துவிடவில்லை. ஆயினும் நான்கு முதல் அவர்களுடைய பாட்டனார் எவ்வாறு எண்ணினார் என்பதை இனி அவர்களுக்குச் சொல்ல உலகில் எவரும் இலர்.

எண் குறி வேறு, எண்ணுப் பெயர் வேறு என்பதை ஈண்டுக் குறிப்பிடல் தகும். இந்நாட்டில் பிறந்த குறிகளைக் கொண்டு கணக்கிடும் முறையை ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதிலிருந்த அல் குவாரிஸ்மி அரபியில் எழுதினார். அரபுகள் அக்குறிகளை 'ஹிந்துக் குறிகள்' என்றனர். அவர்களிடம் கற்ற ஐரோப்பியர் 'அரபுக் குறிகள்' என்றனர். இன்மையைக் குறிக்கும் 'ஸிஃப்ர்' என்னும் அரபுச் சொல் நாடு நாடாகச் சென்று ருஷ்யத்தில் 'த்ஸீஃப்ரா' ஆயிற்று. அங்கே எண் குறி எதுவாயினும் அதற்கு அதுவே பெயர். தமிழுக்கென்று இருந்த எண் குறிகளை நாமும் விட்டுவிட்டு, உலகெங்கும் வழங்கும் குறிகளை எழுதுகிறோம். அதனால் தமிழுக்கு இழப்பு நேரவில்லை. 90 என்று எழுதிவிட்டுத் தொண்ணூறு என்று படித்தோமல்லவா! குறி கடல் கடக்கும், கடக்க வேண்டியதே. படிக்கும் வாய் மாறும்போதுதான் கோடு விழத் தொடங்குகிறது.

மறுநாள் இஷாவுக்குப் பின் குடும்பத்தோடு அமர்ந்திருக்கையில், நம் வீட்டில் அந்தக் கோடு எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்துவிட எண்ணினோம். பேரன் இருபது வரை தடையின்றித் தமிழில் சொன்னான். முப்பதுக்கு மேல் தடுமாறினான். ஐம்பத்தொன்பதும் அறுபத்தொன்பதும் அவனுக்கு ஒன்றாகவே கேட்டன. மகள் நூறு வரை சொன்னாள். ஆனால் காய்கறி விலையைப் பேசும்போது ஆங்கிலத்துக்குத் தாவினாள். கடை வைத்திருக்கும் மருமகன், கணக்கு என்றாலே தமக்கு ஆங்கிலந்தான் வருகிறது என்று நாணத்தோடு ஒப்புக்கொண்டார். நாம் பெருமிதத்தோடு தலையசைத்துக்கொண்டிருந்தோம். அப்போது பேரன், "நன்னா, உங்கள் கைப்பேசி எண்ணைச் சொல்லுங்கள்" என்றான்.

"நைன்" என்று தொடங்கியவர்கள் அப்படியே நின்றோம். வீடு முழுதும் சிரித்தது. இம்முறை நாமும் சிரித்தோம். பத்து இலக்கங்களில் முதல் இலக்கத்திலேயே நம் கோடு விழுந்திருந்தது! தமிழில் சொல்ல முயன்றபோது இரண்டு முறை பிழை வந்தது. பிறகு பேரனை அருகில் அழைத்து, "நேற்று நீ கேட்டது நல்ல கேள்வி. நன்னா கடிந்தது தவறு" என்று சொல்லி, தொண்ணூறின் கதையை முழுதும் கூறினோம். ருஷ்யச் சிறுமியின் தொண்ணூறுக்குள்ளும் நூறு இருக்கிறது என்றதும் அவன் கண்கள் விரிந்தன. "அவளுக்கும் குழப்பம் வருமா, நன்னா?" என்று கேட்டான். வரும் என்றோம். அதில் அவனுக்கு ஏதோ ஓர் ஆறுதல்.

அன்பார்ந்த பெற்றோர்களே, ஆங்கிலத்தை விலக்கச் சொல்லி இதை எழுதவில்லை. பார்ஸியும் உருதுவும் அரபும் கற்ற முன்னோர் எந்த மொழியையும் விலக்கவில்லை. அதனால் அவர்கள் தமிழ் மெலியவுமில்லை. பிள்ளை பத்து மொழிகளில் எண்ணக் கற்கட்டும். ஆனால் மொழிநூல் நமக்குச் சொல்வது ஒன்றே: எண்ணுப் பெயரைக் காப்பது ஏடுமன்று, அரசாணையுமன்று, வாய்விட்டு, வரிசையாக, அன்றாடம் எண்ணும் வாய். மாடிப்படி ஏறும்போது எண்ணுங்கள். இட்டலி எடுத்து வைக்கும்போது எண்ணுங்கள். துவைத்த துணியை மடிக்கும்போது எண்ணுங்கள். கடைக்கு அனுப்பும்போது விலையைத் தமிழில் கேட்டு வரச் சொல்லுங்கள். பிள்ளை பிழைத்தால் நம்மைப் போல் கடிந்துவிடாதீர்கள். பிழை எங்கே நேர்கிறதோ அங்கே பெரும்பாலும் ஒரு பழங்கதை புதைந்திருக்கிறது.

ஊர் திரும்புமுன் மீண்டும் அந்த மூதாட்டியிடம் சென்றோம். பேரனே பழங்களை எண்ணிப் பையிலிட்டான். முதற்பழத்துக்கு "லாபம்" என்றான். நாம்தான் சொல்லிக் கொடுத்திருந்தோம். மூதாட்டிக்கு மகிழ்ச்சி தாளவில்லை. "யார் தம்பி சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டுக்கொண்டே ஒரு பழத்தைக் கூடுதலாக வைத்தார். இம்முறை விலை நூற்றுத் தொண்ணூறு. பேரன் இருநூறு ரூபாயை நீட்டிவிட்டு, நம்மைத் திரும்பிப் பார்க்காமல், மீதிப் பத்து ரூபாய்க்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.